செவலையின் பிரிவாற்றாமை

திருக்குறளின் 116-ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை என்னும் பெயருடையது. தலைவன் பிரியக் கருதினான் என்று கேட்ட அளவிலே தலைவி படும் பாட்டை உரைப்பது அது. அதனை எம் சிறப்புத் தமிழ் வகுப்பிற் பயின்ற அதே பருவத்தில், எம் வீட்டிற்குப் புதிதாக வந்த ஒரு நாயின் நோய்க்கும் அப்பெயரே பொருந்துவதாயிற்று. மருத்துவ நூலார் ஆங்கிலத்தில் வழங்கும் தொடரைப் ‘பிரிவுக் கவலை’ என்று சிலர் பெயர்த்தெழுதுகின்றனர். கவலை என்னும் சொல் ஈண்டுப் போதாது. பிரிவு என்பது நிகழ்ச்சி. அதனைப் பொறுக்கும் வலி இல்லாமையே ஆற்றாமை. வேலைக்கும் கல்விக்கும் செல்லும் வீட்டாரால் பிரிவை நீக்கல் இயலாது. ஆற்றலை வளர்த்தலோ, சிறிது சிறிதாகவேனும், இயலும். இக்கட்டுரை அவ்வாறு வளர்க்க முயன்ற வரலாறாகும்.

செவலை என்பது அந்நாயின் பெயர். மாட்டின் நிறத்துக்கு வழங்கும் சொல்லை நாய்க்கு இடலாமோ என்று வினவுவார்க்கு, எம் மாதவரம் பாற்பண்ணையால் பெயர் பெற்ற ஊர் என்பதே விடை. ஏறத்தாழ இரண்டு வயதுடைய நாட்டு நாய், பெண், கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. 2025 செப்டம்பரில் ஒரு விலங்குப் புகலிடத்திலிருந்து அதனைக் கொணர்ந்தோம். முன்னர் ஒரு வீட்டார் குட்டியிலிருந்து வளர்த்து, வீடு மாறுங்கால் விட்டுச் சென்றனராம். வேறொரு வீட்டார் அழைத்துச் சென்று பதினைந்தே நாளில் திருப்பிக் கொணர்ந்தனராம். ‘ஏன் திருப்பினர்?’ என்று கேட்டதற்கு, ‘சத்தம் அதிகம்’ என்ற இரண்டு சொற்களே விடையாகக் கிடைத்தன.

அவ்விரண்டு சொற்களின் பொருள் முதல் திங்கட்கிழமை விளங்கிற்று. எந்தையார் துறைமுகத்துப் பணிக்கும், அன்னையார் பள்ளிக்கும், தங்கை தன் வகுப்புக்கும், யாம் கல்லூரிக்கும் சென்றபின், காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை எம் வீடு வெறுமையாக இருக்கும். அன்று மாலை திரும்பியபோது, வாயிற் கதவின் அடிப்பலகை சுரண்டப்பட்டுத் தூளாய்க் கிடந்தது. நிலைப்படியருகே எச்சில் குளம்போல் தேங்கியிருந்தது. செவலையின் முன்னங்கால் நகம் ஒன்று பெயர்ந்து குருதி கசிந்தது. காலையில் வைத்த சோறும் மீனும் வைத்தபடியே இருந்தன. எம்மைக் கண்டபின்னரே அது உண்ணத் தொடங்கிற்று. அதுவும் மூன்று நாள் பட்டினி கிடந்ததைப்போல உண்டது.

பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர் ஒரு லாரி ஓட்டுநர். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியலில் வந்து பகலில் உறங்குபவர். மூன்றாம் நாள் அவர் எம் வாயிலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்தார் என்றே எண்ணுமாறு அவர் கண்கள் சிவந்திருந்தன. அவர் கூறியதோ வேறு. “தம்பி, அது குரைச்சாக்கூடப் பரவால்ல. அது அழுவுது. அதைக் கேட்டுக்கினு எப்படித் தூங்கறது, சொல்லு?” என்றார். எம் இல்லத்தில் ஒருவரும் கேட்டிராத அழுகையை முதலிற் கேட்டவர் அவரே. வீட்டின் உரிமையாளர் அவ்வளவு இரக்கமுடையார் அல்லர். ‘அக்டோபர் முடிவுக்குள் நாய் அடங்க வேண்டும், அல்லது நாய் போக வேண்டும்’ என்று எந்தையாரிடம் சொல்லிச் சென்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்றாம் முறையும் திருப்பி விடப்படும் நாயை நாலாம் முறை யார் கொள்வர்?

உற்றாரும் நண்பரும் அறிவுரை கூறத் தொடங்கினர். ‘இரண்டு அடி வைத்தால் அடங்கும்’ என்றார் ஒருவர். ‘இன்னொரு நாய் வாங்கித் துணை விடுங்கள்’ என்றார் மற்றொருவர். ‘இரும்புக் கூண்டில் அடைத்துவிடுக’ என்பது மூன்றாமவர் மொழி. ‘அதிகம் கொஞ்சினதால் வந்த வினை’ என்றனர் பலர். இவற்றை விடுத்து மருத்துவரை நாடியது எம் அன்னையாரின் துணிபு. மாதவரத்தில் வாழ்வார்க்கு இது அரிதன்று. 1989-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் எம் ஊர்ப் பால் பண்ணைக் குடியிருப்பிலேயே உள்ளது. அதற்கு நெடுங்காலம் மூத்ததாகிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. ஆடு மாடுகளின் மருத்துவம் என்றே பலரும் எண்ணும் இத்துறை, நாயின் மனநிலை குறித்தும் இக்காலத்து நிறையப் பேசுகின்றது.

யாம் கண்ட மருத்துவர் முதலில் உடல்நோய் உண்டோ என்று ஆராய்ந்தார். சிறுநீர்த் தாரையில் நோய் இருப்பினும், உண்ணிக் காய்ச்சல் இருப்பினும் நாய் அமைதி குலையுமாம். அவை இல்லையென்று தெளிந்தபின், “கைப்பேசியை ஒரு மூலையில் வைத்துவிட்டு வெளியே சென்று, என்ன நடக்கிறது என்று படம் பிடித்துக் கொண்டு வாருங்கள்” என்றார். அவ்வாறே செய்தோம். அப்படத்தை எம் அன்னையார் ஒருமுறைக்கு மேற் பார்க்க மறுத்துவிட்டார். கதவு சாத்திய இரண்டாம் நிமிடத்தில் செவலை உலாவத் தொடங்கிற்று. ஐந்தாம் நிமிடத்தில் கதவைப் பறண்டிற்று. வெயில் இல்லாத அறையில் நாவைத் தொங்கவிட்டு இரைத்தது. பதினோராம் நிமிடத்தில் முகத்தை மேலே தூக்கி ஊளையிட்டது. அருகே கிடந்த கோழி இறைச்சித் துண்டை முகர்ந்தும் பார்க்கவில்லை.

இந்நோயைப் பொழுது போகாமையிலிருந்து பிரித்தறிவதற்கு இவையே குறிகள் என்று மருத்துவர் விளக்கினார். பொழுது போகாத நாய் செருப்பைக் கடிக்கும், தலையணையைக் கிழிக்கும், வைத்த தின்பண்டத்தையும் தின்று முடித்து உறங்கும். ஆற்றாமையுற்ற நாயோ கதவையும் சன்னலையுமே தாக்கும், உண்ணாது, பெரும்பாலும் வீட்டார் சென்ற முதல் அரை மணிக்குள்ளேயே தொடங்கிவிடும். முன்னது சேட்டை, பின்னது அச்சம். சேட்டையைக் கண்டித்துத் திருத்தலாம். அச்சத்தைக் கண்டித்தல் அச்சத்தைப் பெருக்கும். கூண்டு யோசனையும் இதனாலேயே தள்ளுண்டது. அஞ்சி நடுங்கும் நாயை அடைத்தால், கம்பியைக் கடித்துப் பல்லை முறித்துக் கொள்ளும். இன்னொரு நாய் வந்தாலும் இதன் ஏக்கம் மனிதரைப் பற்றியதாகவே இருக்கக்கூடும். அப்போது ஊளை இரட்டிக்கவும் கூடும்.

‘தப்பு செய்தது அதற்கே தெரிகிறது; முகத்தைப் பாருங்கள், எப்படிக் குனிகிறது!’ என்று கூறுவார் எம் உறவினர் ஒருவர். அலெக்சாண்டிரா ஹாரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009-இல் இதனைச் சோதித்து வெளியிட்டார். நாய் குற்றம் செய்ததோ இல்லையோ, தலைவன் கடிந்தால் அம்முகம் வரும், கடியாவிடின் வாராது. அது குற்றவுணர்வின் முகமன்று. அடிக்கு அஞ்சும் முகம். மாலையில் விழும் அடிக்கும் காலையிற் சுரண்டிய கதவுக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. வீட்டார் திரும்புவதும் அஞ்சத்தக்கது என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

வந்து பத்து நாளும் ஆகாத நாய் இவ்வளவு ஏங்குவானேன் என்பது எம்மை நெடுநேரம் மயக்கிய வினா. இதற்குப் புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு நிலையில் விடை தந்துள்ளனர். குழவி தாயை எவ்வாறு பற்றுகிறது என்று அறிய மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார் வகுத்த சோதனை ஒன்றுண்டு: புதிய அறையில் தாய் சற்றுப் பிரிந்து மீண்டும் வருவாள், இடையே அயலார் ஒருவர் வருவார். டோபால், மிக்லோஷி முதலியோர் 1998-இல் அச்சோதனையை 51 நாய்களிடத்தும் அவற்றை வளர்ப்பாரிடத்தும் நடத்தி, நாயின் பற்று குழவியின் பற்றை ஒத்திருத்தல் கண்டனர். 2001-இல் அக்குழுவினரே புகலிட நாய்களை ஆராய்ந்தனர். ஒருவர் பத்து நிமிடம் வீதம் மூன்றே முறை பழகிய அளவில், அந்நாய்கள் அவரைப் பற்றிக்கொண்டன. மூன்று பத்து முப்பது நிமிடம்! மனிதரின் நெருக்கம் கிட்டாது கிடக்கும் உயிர், கிட்டிய கையை அத்துணை விரைவில் பற்றுகின்றது. ஆகவே செவலை எம்மைப் பத்து நாளில் பற்றியது வியப்பன்று. பத்து நாளும் அதற்கு நீண்ட காலமே.

இன்னொன்றும் எமக்குத் தோன்றுகின்றது. சென்னை மாநகராட்சியின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நகரத் தெருக்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் நாய்கள் உள்ளன. அவற்றுக்குப் பசி உண்டு, நோய் உண்டு, வண்டிச் சக்கரம் உண்டு; தனிமை மட்டும் பெரும்பாலும் இல்லை. எம் தெருமுனையில் ஐந்து நாய்கள் எப்பொழுதும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். தேநீர்க் கடைக்காரர் பிஸ்கோத்து எறிவார்; யாரேனும் வந்து போவர். நான்கு சுவருக்குள் எட்டு மணி நேரம் தனித்திருத்தல் நாயினத்துக்கு இயல்பன்று. அது கற்க வேண்டிய ஒரு கலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்தோர் கொணர்ந்து வளர்த்த நாய்கள், அலுவலகங்கள் மீண்டும் திறந்தபோது அக்கலையைக் கல்லாமலே தனித்து விடப்பட்டன. உலகெங்கும் நாய் மருத்துவர் இதனைப் பேசினர்.

நாயின் நன்றியைப் புகழ்வதில் நாம் யாருக்கும் இளைத்தவரல்லேம். பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடம்பில் இருக்கவும் வாலைக் குழைக்கும் நாயே மேல் என்பது நாலடியார் கருத்து. ஜப்பான் நாட்டிலோ, உவேனோ என்னும் பேராசிரியர் 1925-இல் இறந்தபின், அவர் வளர்த்த ஹாச்சிக்கோ என்னும் நாய் ஷிபூயா இரயில் நிலையத்தில் 1935 வரை அவரை எதிர்நோக்கிக் காத்திருந்தது. உயிரோடிருக்கும்போதே அதற்குச் சிலையும் வைத்தனர். அச்சிலையின் படத்தை யாமும் பலமுறை கண்டு உருகியதுண்டு. செவலையின் கைப்பேசிப் படத்தைக் கண்டபின் எம் உருக்கம் வேறு திசையிற் சென்றது. நிலையத்தில் வெளியே நின்று காத்தமையால் அது நன்றியாயிற்று. அடைத்த வீட்டினுள் நின்று காத்தால் அதுவே ‘சத்தம் அதிகம்’ ஆகின்றது. இரண்டிடத்தும் நாயின் துன்பத்தை யாரேனும் அளந்தனரோ என்பது எம் ஐயம்.

இனி மருத்துவம். மருத்துவர் இட்ட முதற் கட்டளையே அரிது: பயிற்சி நடக்கும் காலத்தில் நாய் பொறுக்கும் அளவுக்கு மேல் ஒருநாளும் அதனைத் தனியே விடலாகாது. பத்து நாள் ஈட்டிய துணிவை ஒருநாள் ஊளை அழித்துவிடும். எட்டு மணி நேரம் வெறுமையாகும் வீட்டிற்கு இஃது எங்ஙனம் கூடும்? எந்தையார் தம் பணிமுறையைப் பின்மாலைக்கு மாற்றிக்கொண்டார். முற்பகல் வகுப்பு இல்லாத நாள்களை யாம் கொண்டோம். எஞ்சிய பகற்பொழுதுக்கு எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் வந்தார். எம் திருச்சபையைச் சார்ந்தவர், கைம்பெண், பிள்ளைகள் வெளிநாட்டில். “எங்க வீட்லயும் சும்மாதான் உக்காந்திருக்கேன், உங்க வீட்ல உக்காந்தா என்ன?” என்றார். அவர் இன்றேல் எம் முயற்சி முதல் வாரத்திலேயே முறிந்திருக்கும்.

அடுத்தது, புறப்பாட்டின் குறிகளை வெறுங்குறிகளாக்குதல். சாவிக்கொத்தின் ஒலி கேட்டால், தோற்பை தோளில் ஏறினால், செருப்பு மாட்டினால், செவலையின் உடல் விறைக்கும். எனவே சாவியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்தோம். பையை மாட்டிக்கொண்டு சமையலறை சென்று நீர் குடித்தோம். நாளொன்றுக்கு இருபது முறையேனும் இக்கூத்து நடக்கும். தங்கை செருப்பணிந்து கட்டிலில் அமர்ந்து பாடம் படித்ததைக் கண்ட விருந்தினர் ஒருவர் எம் குடும்பத்தைப் பற்றி என்ன எண்ணினாரோ அறியோம். இரண்டாம் வார இறுதியில் சாவி ஒலித்தால் செவலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அதன்பின் மெய்யான பிரிவு, ஆயின் அணுவளவு. கதவைச் சாத்தி ஐந்து நொடியில் திறத்தல், பின் பத்து, பின் இருபது. அது கலங்குமுன் திரும்ப வேண்டும் என்பதே விதி. கலங்கி அழுதபின் திரும்பினால், அழுகையே எம்மை வரவழைத்தது என்று அது கொள்ளும் என்பர் சிலர். அதனினும் பெருங்கேடு, தனிமை துன்பமே என்பது மீண்டும் உறுதிப்படுதல். காலத்தை ஏணிப்படிபோல் ஏற்றிக்கொண்டே போதலும் ஆகாது. நாற்பது நொடிக்குப்பின் பதினைந்து, பின் அறுபது, பின் முப்பது என்று ஏற்றியும் இறக்கியும் விட வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் இல்லை. புறப்படுமுன் மாதவரம் ஏரிப்பக்கம் நீண்ட நடை; பழந்துண்டில் வேகவைத்த இறைச்சித் துணுக்குகளை வைத்துச் சுருட்டிக் கொடுத்தல். அச்சுருளை அது பிரித்துத் தின்னும் வரை கலக்கம் இல்லை என்று அறிந்துகொள்ளலாம். தின்னாது விட்டால் யாம் அளவு மீறினோம் என்பது பொருள்.

மருந்தும் கொடுத்தோம். நாய்க்கு மனநோய் மாத்திரையா என்று நகைத்தோர் உளர். நாய்களின் பிரிவாற்றாமைக்கென்றே குளோமிப்பிரமின் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 1998-இல் ஏற்றது. ஃபுளூவாக்சட்டின் 2007-இல் ஏற்கப்பட்டது. இவை மயக்கி உறங்க வைப்பன அல்ல; அச்சத்தின் கூர்மையைக் குறைத்துக் கற்றற்கு இடந்தருவன. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியின்றி மருந்து மட்டும் போதாது. மருத்துவர் அளந்து தருவதன்றி வீட்டிலுள்ள மனிதர் மருந்தை எடுத்துக் கொடுத்தலும் கூடாது.

அக்டோபர் 18 அன்று பன்னிரண்டு நிமிடத்தை எட்டினோம். 20-ஆம் நாள் தீபாவளி. வெடியோசையில் செவலை கட்டிலின் கீழ் ஒடுங்கி இரண்டு நாள் வெளிவரவில்லை. 23-ஆம் நாள் கதவைச் சாத்திய இருபதாம் நொடியில் பறண்டத் தொடங்கிற்று. திங்கள் முடிய எட்டு நாளே எஞ்சின. எந்தையார் அன்றிரவு, “திருப்பிக் கொடுத்துவிடலாமா?” என்று ஒரே முறை கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. தங்கை எழுந்து சென்று செருப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் அமர்ந்தாள்.

அந்த மாதத்தின் கடைசி நாளில் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. எட்டு மணி நேரத்துக்கு இது எம்மட்டு? ஆயினும் உரிமையாளர் வந்தபோது, எம்மை முந்திக்கொண்டு பேசியவர் லாரி ஓட்டுநர். “ஒரு மாசமா நான் தூங்கறேன் சார். எனக்கு இல்லாத தொந்தரவு உங்களுக்கு என்ன?” என்றார். தீபாவளி வாரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பொய்யென்று அதனைக் கூற எமக்கு மனமில்லை. உரிமையாளர் பொங்கல் வரை தவணை தந்து சென்றார்.

நாற்பது நிமிடத்தைக் கடக்க ஒரு திங்கள் ஆனது. ஒன்றரை மணியைக் கடந்தபின்னர் ஏற்றம் விரைந்தது. இப்போது மாத்திரையின் அளவை மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து வருகின்றார். எதிர்வீட்டு அம்மையார் நண்பகலில் ஒருமுறை வந்து பார்த்துச் செல்கின்றார். தேவை கருதியன்று, பழக்கம் கருதி.

எம் ஆசிரியர் ஒருவரிடம் இவற்றைக் கூறியபோது, “பிரிதல் பாலைக்கு உரிப்பொருள், இருத்தல் எதற்கு?” என்று வினவினார். முல்லைக்கு என்றோம். தேர்வில் எழுதிய விடைதான். தலைவன் வருவான் என்று ஆற்றியிருத்தலை முல்லை என்றும், ஆற்றாது புலம்பலைப் பாலை என்றும் நெய்தல் என்றும் பகுத்த முன்னோர், நாயின் இளமைப்பெயர் குருளை என்பது வரை தொல்காப்பிய மரபியலில் குறித்து வைத்தவர். ஓர் உயிர் பாலையினின்று முல்லைக்கு வருதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. எம் குறிப்பேட்டில் அக்கணக்கு உள்ளது. அதன் கடைப்பக்கம், பொங்கலுக்கு மறுவாரம், தங்கை கையெழுத்தில்: ‘4 மணி 10 நிமிடம். சுருளைத் தின்றது. கதவருகே சிறிது நேரம் நின்றது. அப்பா சட்டைமேல் படுத்தது. 11 மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தது. மறுபடியும் படுத்துக்கொண்டது.’